துணி காயாத ஊரில் ஒரு மந்திரவாதி: மாயக் காதல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிய கதை ஏற்காட்டில் தொடங்கியது. இரண்டாவது பத்தியிலேயே வெண்பனி கொட்டி ஓட்டுக்கூரைகள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. இளவரசி கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு கணப்பு அருகே உட்கார்ந்தாள். அதோடு நிறுத்திவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"நீ சேலத்துக்காரன்தானே?"

"ஆமாங்க்கா."

"ஏற்காட்டுல எப்பப்பா ஸ்னோ விழுந்துச்சு?"

"ஃபேண்டஸிதானேங்க்கா..."

இந்த "தானே"தான் வம்பு. தேவதைக் கதை, இளவரசி, சாபம், பேசும் கிளி, கடைசியில் கல்யாணம். எழுதுவதற்கு இதைவிட லேசான வகை இல்லை என்று நினைத்துத்தான் பலரும் உட்காருகிறார்கள். எதுவும் நடக்கலாம் என்கிற கதையில் எது நடந்தாலும் வாசகருக்கு ஒன்றுதான் என்பது பத்தாவது அத்தியாயத்தில்தான் உறைக்கும். நாலைந்து வருஷமாக இந்த வகைக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கிறுக்கித் திருப்பிக் கொடுக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு அந்த ஸ்னோதான். மாயம் என்றாலே வேறு நாட்டுச் சாமான் என்று நினைப்பது. ஏற்காடு சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, 1,500 மீட்டர் உயரம். அங்கே வானத்திலிருந்து எதுவும் உதிர்வதில்லை, மேகமே இறங்கி வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்று நாள் தொங்கினாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் அப்படியே இருக்கும். மலையில் வேலை பார்த்த என் சித்தி, துவைத்த துணிகளைப் பையில் திணித்து வாரக் கடைசியில் பஸ் ஏறி, சேலத்தில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்டு எடுத்துப் போவாள். பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணம் போகிற ஈரத்துணி! இதைவிட நல்ல தேவதைக் கதைத் தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இதை வைத்தே ஒரு மந்திரம் கட்டிப் பார்ப்போம். தொட்ட துணியை உலர்த்தும் சக்தி ஒருவனுக்கு இருக்கிறது, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் சேலத்தில் அவனை யார் சீந்துவார்கள்? அரை மணி நேரத்தில் வேட்டி அப்பளமாகிற ஊர். அதே ஆள் 20 வளைவு ஏறி மேலே போனால் அவன் வீட்டு வாசலில் வாளியோடு வரிசை நிற்கும். மந்திரம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, அதற்குத் தேவை இருக்கிற ஊர் வேண்டும். உலகையே எரிக்கும் சக்தியை முதல் அத்தியாயத்திலேயே நாயகனுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் அவனை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பவர்கள் நிறைய.

அடுத்தது விலை. மந்திரத்துக்கு விலை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் விலை என்றதும் ரத்தம், ஆயுளில் பத்து வருஷம், பெற்ற தாயின் நினைவு என்று இறங்கிவிடுகிறார்கள். வாசகி சிரித்துக்கொண்டு படிக்க வந்த கதையில் அம்மாவை ஏன் பலி கொடுக்கிறீர்கள்? லேசான கதையில் விலை ஆளைக் கொல்லக் கூடாது, கூச்சப்பட வைக்க வேண்டும்.

நம் ஆளுக்கு விலை தாகம் என்று வைப்போம். ஒரு சட்டைக்கு ஒரு சொம்பு தண்ணீர், ஒரு கம்பளிக்கு ஒரு குடம். காலையில் பத்து வீட்டுக்கு உலர்த்திக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போகிறான். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்கிறான். காப்பி வருவதற்குள் இன்னொரு சொம்பு. நான்காவது முறை கேட்கும்போது பெண்ணின் அம்மா சமையலறைக் கதவோரம் நின்று கிசுகிசுக்கிறாள்: "ஏங்க, தம்பிக்குச் சுகர் இருக்குமோ?" போதாததற்கு அரை மணிக்கு ஒருமுறை கொல்லைப்புறம் எங்கே என்று கேட்கிறான். சம்பந்தம் ஆட்டம் காண்கிறது. உயிர்ப் பலி எதுவும் இல்லாமலேயே வாசகருக்குப் பதற்றம் வந்துவிட்டதா? விலையை அந்த வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும், தப்பாகவும் புரிந்துகொள்ள வேண்டும். கதை அங்கிருந்துதான் ஓடும்.

இப்போது இந்த வகையின் பெரிய குழிக்கு வருவோம். வசியம்.

நம் பக்கத்துச் சுவர்களில் "வயிற்றில் வைத்த மருந்து எடுக்கப்படும்" என்ற எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டில் ஏதோ கலந்து ஒருவரை மயக்கிவிடலாம் என்ற பயம் அவ்வளவு ஊறியது. கதை எழுதுபவர்களுக்கு அது பயமாகத் தெரிவதில்லை, இனிப்பாகத் தெரிகிறது. நாயகி தெரியாமல் ஒரு லட்டைத் தின்கிறாள், கண் விழித்ததும் முதலில் பார்த்தவன் மேல் காதல் வருகிறது, 200 பக்கம் அவன் பின்னாலேயே அலைகிறாள், கடைசியில் வசியம் தீர்ந்த பிறகும் காதல் இருக்கிறதாம். எந்தப் பக்கத்தில் அவளாக யோசித்தாள், எந்தப் பக்கத்தில் லட்டு யோசித்தது? வாசகருக்குத் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. அவள் சம்மதம் இல்லாத இடத்தில் எத்தனை பூ தூவினாலும் அது காதல் காட்சி ஆகாது. வசியம் வேண்டுமே வேண்டும் என்றால் அதை ஒரு ஆட்டுக்குட்டி தின்னட்டும். அது நாயகன் பின்னாலேயே ஊர் முழுக்கச் சுற்றட்டும்.

மந்திரத்தையும் காதலையும் எப்படி உரச விடுவது என்பதை நம் சங்கப் பாட்டுகள் எப்போதோ செய்து காட்டிவிட்டன. வெறியாட்டு என்று ஒரு துறை. மலை நாட்டுப் பெண் ஒருத்தி ரகசியமாகக் காதலிக்கிறாள். அவனைப் பார்க்க முடியாமல் மெலிகிறாள், வளையல் கழன்று விழுகிறது. அம்மாவுக்குக் காரணம் தெரியாது. முருகனுக்கு வெறியாடும் பூசாரியான வேலனை வரவழைக்கிறாள். அவன் கழங்கு என்னும் குறி பார்க்கும் காய்களை உருட்டிப் பார்த்து, இது முருகன் பிடித்த நோய் என்கிறான். ஆடு வெட்டி, களம் அமைத்து, ஊரே கூடி ஆட்டம் நடக்கிறது. நோய்க்குக் காரணமானவனோ பக்கத்து மலையில் சும்மா இருக்கிறான். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழிக்குப் பொறுக்கவில்லை. இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் கூப்பிட்டதும் வந்து நிற்கிறாயே, நீ கடவுளாகவே இருந்தாலும் அறிவில்லாதவன்தான், வாழ்க முருகா என்கிறாள். அந்த "வாழ்க"வை விட்டுவிடாதீர்கள். திட்டிவிட்டு வாழ்த்துவதில்தான் கதையின் லேசு இருக்கிறது.

பாருங்கள், சடங்கு உண்மையானது, சாமியும் உண்மையானவர். ஆனாலும் காதலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மந்திரம் காதலை உண்டாக்கவும் இல்லை, தீர்க்கவும் இல்லை. குறுக்கே நின்று கூட்டம் சேர்த்துக் குழப்பியது. கதையில் மந்திரத்துக்கு நான் கொடுக்கும் வேலையும் இதுதான்.

போகிற போக்கில் இன்னொன்று. இலக்கணம் குறிஞ்சிக்குக் கொடுத்த பொழுது யாமம், பருவம் கூதிரும் முன்பனியும், ஒழுக்கம் புணர்தல். குளிர், நள்ளிரவு, மலை, சந்திப்பு. நிலமே உணர்ச்சியைச் சுமக்கிற ஏற்பாடு நம் கையில் தயாராக இருக்கும்போது, மலையை வெறும் சுவர்ப் படமாக மாட்டிவைப்பது வீண்.

சாபத்துக்கு வருவோம். நம் சாபங்களில் ஒரு நேர்மை உண்டு: கொடுக்கும்போதே விமோசனமும் சொல்லிவிடுவார்கள். அகலிகை கல்லாகும்போதே எப்போது எழுவாள் என்பதும் தெரிந்துவிடுகிறது. இதை நம்மவர்கள் கடைப்பிடிக்கிறார்கள், ஆனால் விமோசனத்தில் சோம்பல்படுகிறார்கள். உண்மைக் காதலின் முத்தம், பௌர்ணமி இரவு, ஏழு கடல் தாண்டிய பூ. பூவைக் கொண்டுவருவது கால் வலிக்கிற வேலை, மனசு வலிக்கிற வேலை இல்லை. விமோசனம் என்பது அந்த ஆள் செத்தாலும் செய்ய மாட்டேன் என்கிற ஒரு காரியமாக இருக்க வேண்டும்.

நம் நாயகிக்கு ஒரு சாபம் கொடுப்போம். மலையில் நாலு ஏக்கர் காப்பித் தோட்டத்தை அப்பா இறந்த பிறகு தனியாகப் பார்த்துக்கொள்பவள். சாபம் இது: மரியாதைக்குக்கூட அவளால் பொய் சொல்ல முடியாது. நம் ஊரில் இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று யோசியுங்கள். "சாப்டாச்சாம்மா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்று சொல்லி நகர்கிறோமே, அது முடியாது. "இன்னும் இல்லைங்க, உங்க வீட்டுல சாப்பிட எனக்கு இஷ்டமும் இல்லைங்க" என்று வாய் சொல்லிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த இனிப்பு, அத்தை மகளின் புதுப் புடவை, பஞ்சாயத்துத் தலைவரின் கவிதை. ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயம். விமோசனம்: "எனக்கு ஒத்தாசை வேணும்" என்று அவள் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்க மாட்டாள். அப்பா போனதிலிருந்து யாரிடமும் கேட்டதில்லை. பூவுக்காக ஏழு கடல் தாண்டுவது இதைவிடச் சுலபம்.

மந்திரச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக: ஓம், ஹ்ரீம் என்று ஒரு வரி கோத்துப் போடாதீர்கள். பூஜையறையில் பலர் நிஜமாகவே சொல்கிற சொற்கள் அவை. கதையில் வெறும் சத்தமாகத்தான் நிற்கும். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறதே, அங்கேதான் 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் உருவானது. அதன் கதை அலிபாபா குகை. மூலக்கதையில் குகைக்குள் மாட்டிக்கொண்ட காசிம், பேராசையில் சொல்லை மறந்துவிடுகிறான். 'திறந்திடு சீசேம்', அதாவது எள் என்று சொல்ல வேண்டியவன் வாற்கோதுமை என்கிறான். கதவு திறக்கவில்லை. மளிகைக் கடைச் சொல் ஒன்று உயிரை வாங்கிவிட்டது. எளிய சொல்லாக இருந்ததால்தான் அந்த மறதி நம்மை உறுத்துகிறது.

நடுவில் விதியை மாற்றுவதும் கூடாது. கொல்லிமலையின் தெய்வப் பாவையான கொல்லிப்பாவையைப் பாடிய நற்றிணைப் புலவர், காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் அதன் அழகிய உரு மாறாது என்கிறார். உங்கள் மந்திரமும் அப்படி இருக்கட்டும். துணியை மட்டும் உலர்த்தியவன் 30ஆம் அத்தியாயத்தில் திடீரென்று ஏரியை உலர்த்தினால் புத்தகத்தை மூடிவிடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். மலை என்றதும் எலும்பு மாலையும் உடுக்கையுமாக ஒரு "மலைவாசி மந்திரவாதி"யைக் கொண்டுவந்து நிறுத்துவது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்குச் சேர்வராயன் கோயில் கும்பிடுகிற இடம். தாழ்ந்த குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு ஊர் ஊராக வந்து கூடுவார்கள். அதை உங்கள் வில்லனின் ஆயுதக் கிடங்காக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு சாமி தேவைப்பட்டால் நீங்களே செய்துகொள்ளுங்கள். அந்த மக்களைக் கதையில் கொண்டுவந்தால் வழக்கு போடுகிறவர்களாக, காலேஜ் போகிறவர்களாக, நாயகனை ஓட்டுகிறவர்களாகக் கொண்டுவாருங்கள்.

தொனி பற்றிச் சந்தேகம் வந்தால் ஆடி மாதம் சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கிற மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கைக்குப் போய் நில்லுங்கள். அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் ஊர்வலம் வருவார்கள். சின்ன வயதில் ஒருமுறை, வண்டி நின்ற இடைவெளியில் ஒரு சிவபெருமான் டீ குடித்ததைப் பார்த்தேன். கழுத்துப் பாம்பு கிளாஸுக்குள் விழாமல் ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டே "இன்னொரு டீ வாங்கித் தரட்டுங்களா சாமி?" என்றாள். பக்தியும் டீயும் ஒரே கையில். கேலியாகவும் இல்லை, விறைப்பாகவும் இல்லை.

கடைசித் தவறு, கடைசிக் காட்சியில் நடப்பது. முடிச்சை மந்திரத்தால் அவிழ்ப்பது. நம் கதையின் உச்சம் எங்கே வரும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். களத்தில் காப்பி காய்கிறது. ஒரு வருஷ உழைப்பு. கார்த்திகை வானம் கறுக்கிறது. பத்தில் ஒன்பது பேர் இந்த இடத்தில் நாயகனைக் களத்தில் கை வைக்கச் சொல்வார்கள், காப்பி உலர்ந்துவிடும், கல்யாணம். ஆனால் தோட்டத்தில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத் தெரியும், காப்பியை அவசரமாக உலர்த்தினால் மேல்தோல் வெடிக்கும், ருசி போய்விடும். அது நாள்கணக்கில், புரட்டிப் புரட்டி, மெல்லக் காய வேண்டிய சரக்கு. அவன் கையை நீட்டுகிறான். அவளால் பொய் சொல்ல முடியாது. "தொடாதீங்க, கெட்டுப்போயிடும்" என்கிறாள். அவனிடம் இருந்த ஒரே சக்தி அங்கே உதவாது. தார்ப்பாய் ஒன்றுதான் இருக்கிறது. பெரியது, கனமானது, ஒற்றை ஆளால் விரிக்க முடியாது. காற்று வேறு. அவள் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறாள், மறுமுனை பறக்கிறது. முதல் துளி விழுகிறது.

"அந்தப் பக்கம் பிடிங்களேன்!"

சாபம் போனதை இருவருமே கவனிக்கவில்லை. நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு நிமிரும்போது இருவரும் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். குளிருதா என்று கேட்கிறான். "இல்லையே" என்கிறாள், பல் தந்தியடிக்க. அவள் சொன்ன முதல் பொய்.

அந்தத் தம்பி திருத்தி அனுப்பியிருக்கிறான். ஸ்னோ இல்லை. கம்பளி அங்கி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "அது நாலு நாளா காயவே இல்லீங்க்கா, அதான் கதையே" என்கிறான்.