கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் அமைதி ஆப்ஷன் சேர்ப்பது

கொழிஞ்சாம்பாறை வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர் ஆபீஸ் மெஷினில் பில்ட் ஓட்டுகிறவன் நான். கான்ஃபிகர் (பில்டுக்குத் தேவையானவை மெஷினில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கும் ஸ்கிரிப்ட்) ஓடினால் "செக்கிங், செக்கிங்" என்று வரிவரியாகக் கொட்டும், நடுவில் வரும் ஒரே ஒரு எச்சரிக்கை கண்ணில் படாமலே மேலே போய்விடும். கான்ஃபிகரைத் தானே எழுதித்தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கிய ஸ்கிரிப்ட் என்றால் ஹைஃபன் க்யூ (-q) கொடுத்தாலே போதும், அந்த வரிகள் அடங்கிவிடும். எங்களுடையது கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், நாமேதான் சேர்க்க வேண்டும்.

முதலில், ஆர்கியுமென்ட்களைப் பார்க்கும் கேஸ் பகுதியில் க்யூ, க்வயட், சைலன்ட் (-q, --quiet, --silent) மூன்றுக்கும் ஒரே வரி போட்டு ஒரு வேரியபிளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டோகான்ஃப் மூன்றையும் ஏற்கும், அதில் பழகிய கை எதையும் தட்டும். இந்தப் பகுதி முதல் எக்கோவுக்கு (திரையில் வரி அச்சிடும் கட்டளை) முன்னால் வர வேண்டும்.

அடுத்த இடத்தில்தான் எனக்கு ஒரு நாள் போனது. மொத்த வெளியீட்டையும் டெவ் நல்லுக்கு (/dev/null, போட்டதெல்லாம் காணாமல் போகும் இடம்) திருப்பி, கூடவே பிழைச் செய்தியும் அங்கேயே போகும்படி 2>&1 என்றும் எழுதியிருந்தேன். ஸீலிப் (zlib) என்ற கம்ப்ரெஷன் லைப்ரரியின் ஹெடர் இல்லாமல் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றிருக்கிறது, அந்தப் பிழைச் செய்தியும் நல்லுக்குள் போய்விட்டது. நான் முன்பு கான்ஃபிகர் எழுதிவைத்த பழைய மேக்ஃபைலை வைத்து மேக் (make, கம்பைலை நடத்தும் கட்டளை) ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோகான்ஃப் இதைச் செய்யும் விதம் அழகு. திரைச் செய்திக்கென்று தனியாக 6ஆம் எண் டிஸ்கிரிப்டர் (வெளியீடு போகும் எண்ணிட்ட வழி; 1 சாதாரண வெளியீடு, 2 பிழை). சாதாரணமாக எக்ஸெக் 6>&1, அமைதி கேட்டால் அதே 6 டெவ் நல்லுக்குப் போகும். நீங்களும் "தேடுகிறேன்" வகை எக்கோ ஒவ்வொன்றின் கடைசியிலும் >&6 போடுங்கள், பிழைக்கும் எச்சரிக்கைக்கும் >&2. எக்கோவுக்கு எக்கோ இஃப் போடுவது எனக்குப் பிடிக்காது, ஒன்றை மறந்தால் போச்சு. சோதனை கம்பைல்களின் வெளியீட்டை 5ஆம் எண் வழியாக லாக் கோப்புக்கு அனுப்பிவிடுங்கள், அமைதியிலும் அது எழுதப்பட வேண்டும்.

சரி, சோதிப்போம். கம்பைலர் பெயரை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்து, க்யூவோடு ஓட்டுங்கள். திரையில் பிழை ஒன்று மட்டும் தெரிய வேண்டும், எக்ஸிட் கோட் 0 ஆக (0 என்றால் வெற்றி) இருக்கக் கூடாது.

பிற்சேர்க்கை: குப்பம் ஊரிலிருந்து ஒருவர், "க்யூ கொடுத்தும் பாதியில் சத்தம் வருகிறதே அண்ணா" என்று கேட்டிருந்தார். அவருடைய ஸ்கிரிப்ட் துணை டைரக்டரியில் இன்னொரு கான்ஃபிகரை அழைக்கிறது, அதற்கும் க்யூவைக் கடத்த வேண்டும். இன்னொன்று, இது மேக்கின் சத்தத்தை அடக்காது. மேக்ஃபைலை உருவாக்க உதவும் ஆட்டோமேக்கில் 1.11 முதல் அதற்கு சைலன்ட் ரூல்ஸ் தனியாக இருக்கிறது, முழு கட்டளையும் பார்க்க வேண்டுமானால் மேக்குக்கு வி=1 (V=1) கொடுங்கள்.