ஹவாய்க் கரையில் துறவி சீலை அடையாளம் காணும் முறை

மணலில் உறங்கும் ஹவாய்த் துறவி சீல், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஈரமான பாறையாகவே தோன்றும். ஹவாய் மொழியில் அதன் பெயருக்கு 'கொந்தளிக்கும் நீரில் ஓடும் நாய்' என்று பொருள். சீலைக் கடல்நாய் என்று அழைக்கும் தமிழருக்கு அந்தப் பெயர் அந்நியமாகப் படாது. உலகில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,600 மட்டுமே. அவற்றில் சுமார் 400 சீல்கள் ஓவாஹு, கவாயி, மொலோகாய் போன்ற மக்கள் குடியிருக்கும் தீவுகளையொட்டி வாழ்கின்றன. தொகை இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான், ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அறிந்து, அதன் வாழ்நாள் முழுவதும் பின்தொடர முடிகிறது. கரையில் நிற்கும் தன்னார்வலரின் குறிப்பேடு அந்தப் பணிக்கு உதவுகிறது.

முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். சீலிடமிருந்து குறைந்தது 50 அடியும், குட்டியோடு இருக்கும் தாயிடமிருந்து 150 அடியும் விலகி நிற்கும்படி அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவா அறிவுறுத்துகிறது. கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். சீல் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் தொலைவு போதும். சீல் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலோ, இடம் பெயர்ந்தாலோ, இன்னும் பின்வாங்குங்கள். ஹவாய் மாநிலச் சட்டப்படி இவ்விலங்கைத் துன்புறுத்துவது ஐந்தாண்டுச் சிறைக்கும் 50,000 டாலர் அபராதத்துக்கும் உரிய குற்றமாகலாம். தாய் சீல் சட்டத்துக்காகக் காத்திருக்காது. 2022 ஜூலையில் ஓவாஹு தீவில் வைகிகியை அடுத்த கைமானா கடற்கரையில், குட்டியுடன் இருந்த தாய் சீல் ஒன்று, நீந்திக்கொண்டிருந்த பெண்ணைத் தாக்கிக் காயப்படுத்தியது.

அடையாளம் காண்பதில் பின்துடுப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல சீல்களுக்கு அங்கே எழுத்தும் எண்ணும் கொண்ட சிறிய பிளாஸ்டிக் வில்லை பொருத்தப்பட்டிருக்கும். உறங்கும் சீல் இரண்டு பின்துடுப்புகளையும் உள்ளங்கைகளைப் போலச் சேர்த்து வைத்துக்கொள்வதால், வில்லை மடிப்புக்குள் புதைந்திருக்கும். வெளியே தெரிந்தாலும் ஈர மணல் அப்பிக்கொண்டு எண்ணை மறைத்துவிடும். அப்போது இன்னும் நெருங்கிப் பார்க்கும் ஆசை வரும். அதற்கு இடங்கொடாமல், பைனாகுலரோடு உட்கார்ந்துவிடுவதே சரி. சீல் எப்படியும் ஒருமுறை புரளும், துடுப்பை விரிக்கும். அந்தச் சில நொடிகளுக்காக அரைமணி நேரம் காத்திருப்பது வீணல்ல. எண்ணில் பாதி மட்டும் தெரிந்தால் அந்தப் பாதியை மட்டும் எழுதுங்கள். மீதியை ஊகித்து நிரப்பிய குறிப்பு, வெற்றுக் குறிப்பைவிடத் தீங்கானது.

சில சீல்களின் முதுகிலோ விலாவிலோ வெளிர்நிற எழுத்துகள் காணப்படும். முடி வெளுப்பியைக் கொண்டு ஆய்வாளர்கள் இடும் தற்காலிகக் குறி அது, அடுத்த தோலுரிப்போடு மறைந்துவிடும். தழும்புகள் அப்படி மறைவதில்லை. குக்கீகட்டர் என்ற சிறிய சுறா கடித்த வட்ட வடு, மீன்பிடிக் கயிறு அறுத்த கோடு, துடுப்பின் ஓரத்தில் இயற்கையாகவே அமைந்த வெள்ளைத் திட்டு ஆகியவை பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். வட்ட வடு பல சீல்களிடம் இருக்கும் என்பதால், அது உடலில் எங்கே, எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதே முக்கியம். இடது, வலது என்று எழுதும்போது சீலின் இடதையும் வலதையும் எழுத வேண்டும், பார்ப்பவருடையதை அல்ல. புதியவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

ஆணா பெண்ணா என்பது வயிற்றுப்புறம் தெரிந்தால்தான் உறுதியாகும். பெண்ணுக்கு நான்கு முலைக்காம்புகள் இருக்கும். ஆணுக்குத் தொப்புளுக்குக் கீழே மற்றொரு துளை தெரியும். வளர்ந்த சீல் ஏறத்தாழ ஏழடி நீளம் இருக்கும். பிறந்த குட்டி கருநிறமாக இருந்து, ஐந்து முதல் ஏழு வாரங்களில் பால்குடி மறக்கும் காலத்தில் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது.

பார்வையாளர்கள் பதறி ஓடிவந்து காட்டும் பல காட்சிகள் இயல்பானவை. உறக்கத்தில் சீல் பல நிமிடங்கள் மூச்சை நிறுத்தி வைக்கும். கண்ணீர் வடிவது அழுகையல்ல. ஆண்டுக்கு ஒருமுறை தோல் முடியோடு சேர்ந்து திட்டுத்திட்டாக உரியும்போது, கொடிய நோய் பீடித்ததைப் போலத் தோன்றும். அந்தச் சீலை நீருக்குள் துரத்தவோ, அதன்மேல் நீர் ஊற்றவோ கூடாது. வாயில் தூண்டில் முள், கழுத்தில் வலை, புதிய பெருங்காயம், அருகில் கட்டவிழ்ந்த நாய் ஆகியவற்றைக் கண்டால் மட்டும், நோவாவின் கடல் விலங்கு உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

படம் எடுக்கும்போது முகத்தைவிட இரு பக்கங்களுக்கும், வயிற்றுக்கும், பின்துடுப்புகளுக்கும் முதலிடம் கொடுங்கள். முகப்படம் அழகாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அடையாளத்துக்கு உதவாது. தேதி, நேரம், இடம், அளவு, வில்லை, வடுக்கள், பார்வையாளர் கூட்டத்தின் நெருக்கம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். சீல் கடலுக்குத் திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் நெருங்காதிருக்கச் சீலைச் சுற்றி வைத்த எச்சரிக்கைப் பலகைகளையும் கயிற்றையும் அகற்றுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். அலையில் உடலை நனைத்துவிட்டு அதே மணலுக்கே திரும்பி வந்து படுத்துக்கொள்ளும் சீல்களும் உண்டு.