ஹொங்கொங் ட்ராமின் மேல்தட்டு

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் செல்லும்போது கடற்பக்க யன்னலுக்காக முண்டியடிப்பவர்கள், ஹொங்கொங் சென்றால், 1904ஆம் ஆண்டு முதல் அங்கு ஓடும் ட்ராமில் ஏறி, மேல்தட்டின் முன்னிருக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்வாசலால் ஏறி, முன்வாசலால் இறங்கும்போதுதான் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு தூரம் சென்றாலும் ஒரே கட்டணம்தான். ஆனால் மீதிப்பணம் கிடைக்காது என்பதால் சரியான சில்லறையையோ ஒக்டோபஸ் எனப்படும், முன்கூட்டியே பணம் ஏற்றிய பயண அட்டையையோ முன்கூட்டியே கையில் வைத்திருப்பது நல்லது (முதல் நாள் நான் தேவைக்கு அதிகமான காசை உண்டியலில் போட்டுவிட்டு அசடு வழிய இறங்கினேன்). அவசரமில்லாத ஒரு மாலையில் கென்னடி டவுனில் ஏறினால், டெஸ் வூ மேற்கு வீதியின் உலர் கடலுணவுக் கடைகளைக் கடக்கும்போது, திறந்த யன்னல் வழியே நமது புறக்கோட்டைக் கருவாட்டுக் கடைகளின் அதே வாசனை வந்து சேரும்.