சிறைபிடிக்கப்பட்ட விமானப்படை வீரரின் தடத்தைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட விமானப்படை வீரர் ஒருவரைப் பற்றி ஒரு சீருடைப் படமும் பழைய தந்தியும் மட்டுமே வீட்டில் மிஞ்சியிருந்தால், முதலில் அவர் எந்த நாட்டுப் படையில் இருந்தார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கடலூர் பிரிட்டிஷ் ஆட்சியிலும் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலும் இருந்தமையால், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரின் ஆவணங்கள் இரு வேறு நாடுகளில் கிடக்கக்கூடும்.

அடுத்து வேண்டியது படை எண், அதாவது படையில் சேர்ந்தபோது அவருக்குத் தரப்பட்ட அடையாள எண். பெயரை மட்டும் நம்பித் தேடினால் தடுமாற நேரிடும். நம் தலைப்பெழுத்தை வெளிநாட்டு எழுத்தர் குடும்பப் பெயராகவே எழுதிவிட்டிருக்கலாம். புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிய குடும்பப் பெயர் சூடிக்கொண்டன. ஆகவே 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) வீடு என்று தெருவில் அறியப்பட்ட குடும்பத்தின் பதிவுப் பெயரை, பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிலோ ஓய்வூதியத் தாளிலோ எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிடிபட்டவரின் விவரத்தை எதிரி நாடு தெரிவிக்க வேண்டும் என்பது 1929 ஜெனீவா உடன்படிக்கையிலேயே இருந்தது. ஜெர்மனி விமானப்படையினரைத் தனி முகாம்களில் வைத்தது. பலர் முதலில் ஓபருர்செல் விசாரணை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜப்பானோ அந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்கவே இல்லை. மேலும், பாராசூட்டில் இறங்குபவரைத் தாக்கலாகாது என்பது ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையில்தான் உடன்படிக்கை விதியாயிற்று. தரையிறங்கியதற்கும் முகாமில் பெயர் பதிவானதற்கும் இடைப்பட்ட நேரத்தில் உயிரிழந்தவருக்கு, முகாமில் கைதியின் விவரங்களைப் பதியும் கைதி அட்டையே இராது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அட்டை இல்லை என்பதால் அவர் பிடிபடவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிரிட்டிஷ் தரப்பினருக்கு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜெர்மானியக் கைதி அட்டைகள் டபிள்யூ.ஓ. (WO) 416 என்ற வரிசையிலும், ஜப்பானிய அட்டைகள் டபிள்யூ.ஓ. 345 என்ற வரிசையிலும் உள்ளன. பிரெஞ்சுத் தரப்பினருக்கு நார்மண்டியின் கான் நகரிலுள்ள போர்ப் பாதிப்பாளர் ஆவணப் பிரிவுக்குப் பிரெஞ்சு மொழியில் எழுதுவது நல்லது. இறந்தவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். ஆசியப் போர்முனையில் கல்லறை அறியப்படாத விமானப்படையினர் பலரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

இவற்றிலும் கிடைக்கவில்லையெனில் ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். பெயரின் எல்லா எழுத்து வடிவங்கள், பிறந்த நாள், தந்தை பெயர், படை எண் ஆகியவற்றோடு உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவையும் குறிப்பிடுங்கள்.