நிலைக்காலில் பிறந்த இழைப்புளி

இடித்த வீட்டின் பழைய வேங்கை நிலைக்காலை, ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அறுத்து, அலகு 45 பாகை சாய்வில் அமரும்படி ஓர் இழைப்புளி (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி) செய்தேன். சீவல் சுருண்டு வெளியேறாமல் அலகு நீளும் அடிப்பக்கத் திறப்பான வாயிலேயே அடைத்துக்கொண்டது. வாயை அகலப்படுத்தியது என் அவசரம். இழைக்கும் மரம் பிய்ந்து வரத் தொடங்கியதுதான் மிச்சம். உண்மையில், அலகை இறுக்கிப் பிடிக்கும் ஆப்பின் இரு கால்நுனிகளும் தடித்திருந்ததால் சீவல் அவற்றில் முட்டி நின்றிருக்கிறது. அவற்றைக் கூராகச் செதுக்கி, அலகோடு இடைவெளியின்றிப் பொருத்தியதும் அடைப்பு நீங்கியது. அகன்ற வாயின் முன்புறம் அடிப்பக்கத்தைக் குடைந்து, அதே மரத்துண்டொன்றை ஒட்டிக் குறுக்கினேன். ஆப்பு இறுகும்போது உடல் சற்றே வளையும் என்பதால், அலகை உள்ளிழுத்து ஆப்பை இறுக்கிய நிலையிலேயே, கண்ணாடிமேல் விரித்த உப்புத்தாளில் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சமன் செய்தேன். இப்போது தேக்கில் இழைத்தால் மெல்லிய சீவல் அறுபடாமல் சுருண்டு வருகிறது.