பில்லிங் சாஃப்ட்வேர் ஒப்பந்தம்: பிரிவதை முதலில் பேசுங்கள்

பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியை மாற்றியபோது, ஆறு வருடத்துக் கணக்கு எங்களுக்கு பிடிஎஃப் ஆக வந்தது. சர்வீஸ் நம்பர், ரீடிங், டிமாண்ட், வசூல், நிலுவை எல்லாமே அதில் இருந்தன, ஆனால் ஒரு வரியைக்கூட புதிய சாஃப்ட்வேரில் ஏற்ற முடியவில்லை. பழைய கம்பெனிக்குப் போன் போட்டால், "சார், அக்ரிமெண்ட்ல டேட்டா தரணும்னுதான் இருக்கு, எந்த ஃபார்மேட்ல தரணும்னு இல்லையே" என்றார்கள். எடுத்துப் பார்த்தோம். உண்மைதான், இல்லை. அப்புறம் தனியாக ஒரு தொகை கட்டி, மூன்று மாதம் காத்திருந்து, அந்த மூன்று மாதத்துக்கும் பழைய ஏஎம்சியையும் (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) கட்டித்தான் எங்கள் கணக்கை நாங்களே வாங்கினோம்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு குடிநீர், மின்சாரம் மாதிரியான சேவைகளின் சாஃப்ட்வேர் ஒப்பந்தங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே குழியில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் பில்லிங் சாஃப்ட்வேர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே மாற்றிவிடுவார். நம்மால் முடியாது. ரீடிங் எடுப்பதை நிறுத்த முடியாது, பில் போடுவதை நிறுத்த முடியாது, மக்களும் வேறு பைப்புக்கோ வேறு கம்பத்துக்கோ போய்விட முடியாது. ஒருமுறை உள்ளே வந்த சாஃப்ட்வேர் பத்து வருடம் சர்வசாதாரணமாக இருந்துவிடும். விற்கிறவருக்கும் இது தெரியும். அதனால் உங்கள் கை ஓங்கியிருக்கும் காலம் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய சில வாரங்கள் மட்டும்தான், அந்த நேரத்தை விலை பேசுவதிலேயே கரைத்துவிடாதீர்கள்.

ஒப்பந்த வரைவில் நான் முதலில் எழுதுவது வெளியேறும் பக்கத்தைத்தான். என்னென்ன டேபிள், எந்த வடிவம் (சிஎஸ்வி அல்லது டேட்டாபேஸ் பேக்கப், கூடவே டேபிளில் எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்ற விளக்கம்), கேட்ட நாளிலிருந்து எத்தனை நாளுக்குள், இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, மாறும் காலத்தில் ஆறு மாதம் வரை அதே ஏஎம்சி விலையில் உதவ வேண்டும். இவ்வளவும் அந்தப் பக்கத்தில் வரவேண்டும். அத்தோடு பலரும் மறந்துவிடும் ஒன்று: கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன? இணைய முகவரி, பேமெண்ட் கேட்வே கணக்கு, பிளே ஸ்டோர் கணக்கு, நுகர்வோருக்குப் போகும் எஸ்எம்எஸ்ஸின் டிஎல்டி பதிவு (எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு கம்பெனிகளிடம் செய்துகொள்ளும் பதிவு), அதில் வரும் பெயர்ச்சுருக்கம், டெம்ப்ளேட்டுகள் எல்லாம் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும். "நாங்களே போட்டுக்கிறோம் சார், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். வேண்டாம், அந்தச் சிரமத்தை நீங்களே படுங்கள். டிஎல்டி பதிவு அவர்கள் பெயரில் இருந்தால், பிரியும் அன்றைக்கு உங்கள் பில் எஸ்எம்எஸ் நின்றுபோகும்.

அடுத்து கட்டண மாற்றம். மின்சாரத்தில் இதுதான் பணம் கசியும் பெரிய ஓட்டை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண ஆணைக்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் திருத்தப்படுகிறது. 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. சில வருடம் வீட்டு இணைப்புக்கு மட்டும் விலக்கு, மானியம் என்று அரசு அறிவிக்கும். ஆக, கட்டணம் மாறும் என்பது ஒப்பந்தம் போடும்போதே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருக்க ஒவ்வொரு திருத்தத்துக்கும் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்று தனி பில் வருகிறதென்றால் தப்பு நம்முடையது. ஸ்லாப், விலை, அமலுக்கு வரும் தேதி, மானியம் நான்கையும் நம் ஊழியரே திரையில் மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும், அதற்கு எந்தக் கூடுதல் தொகையும் கிடையாது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஏற்புச் சோதனையையும் (சாஃப்ட்வேர் சரியாக இருக்கிறது என்று நாம் ஏற்கும் முன் செய்யும் சோதனை) இதோடு கட்டிப்போடுங்கள். ‘திருப்திகரமாக இயங்க வேண்டும்’ என்று எழுதினால் யாருடைய திருப்தி என்று அப்புறம் சண்டை வரும். அதற்குப் பதிலாகக் கணக்குகளையே இணைப்பாக வையுங்கள். 2024 ஜூலைக் கட்டணத்தையே எடுத்துக்கொண்டால், நம்மூர் வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை ஓர் அடுக்கு. 501 ஆகிவிட்டால் அடுக்கே மாறி, 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை போய், 101 முதல் 400 வரை ஒரே விலையாகிவிடும். எனவே 100, 101, 200, 201, 400, 401, 500, 501 யூனிட்டுகளுக்குக் கையால் போட்ட பில்கள் வேண்டும். கூடவே வீடு பூட்டியிருந்து ரீடிங் எடுக்காத இணைப்பு, நடுவில் மீட்டர் மாற்றிய இணைப்பு, ஜூலை 1 நடுவில் விழுகிற பில் காலம், மீட்டர் சுற்றி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுவது, இவற்றுக்கும் தலா சில. இந்தப் பட்டியலில் ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் ஏற்பு இல்லை. உசிலம்பட்டி பக்கமோ அழகர்மலை அடிவாரத்திலோ ரீடிங் எடுக்கப் போகிறவருக்கு சிக்னல் போய்விட்டாலும் மொபைலில் பதிவு நின்றுவிடக்கூடாது, சிக்னல் வந்ததும் தானாக ஏற வேண்டும். அதையும் ஒரு சோதனையாகச் சேருங்கள், ஆபீஸ் வைஃபையில் காட்டும் டெமோவை நம்பாதீர்கள்.

நீங்கள் அரசு அமைப்பாகவோ மாநகராட்சியாகவோ இருந்தால் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள், டெண்டர் திறந்த பிறகு நிபந்தனைகளைப் பேசி மாற்ற இடமில்லை. ஆகவே மேலே சொன்னவை எல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே ஏறியிருக்க வேண்டும். டெண்டருக்கு முன்பு நடக்கும் கூட்டத்தில் கம்பெனிகள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை எழுத்தில் கொடுத்து, அவற்றையும் ஒப்பந்தத்தின் பகுதியாக்கிவிடுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். எங்கள் கணக்குப்பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். "தம்பி, கடைசித் தவணை நம்ம கையில இருக்கிற வரைக்கும்தான் போன் எடுப்பாங்க" என்பார். அவர் சொன்னபடியே நான் செய்து வருகிறேன். கோ-லைவ் ஆகும்வரை (சாஃப்ட்வேர் நிஜப் பயன்பாட்டுக்கு வரும்வரை) பாதிக்கும் குறைவான தொகை, மிச்சத்தில் ஒரு பகுதி மூன்று பில்லிங் சுற்றுகள் சுத்தமாக முடிந்த பிறகு. இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்றால் அது ஆறு மாதம், அதற்குள் எல்லாக் குறையும் வெளியே வந்துவிடும்.

ஏஎம்சியில் ஒரு நுணுக்கம். பட்டியல் விலை 1 கோடி, உங்களுக்காக 40 சதவீதம் தள்ளுபடி, 60 லட்சம் என்பார்கள். மனசு குளிர்ந்துவிடும். ஆனால் ஏஎம்சி 20 சதவீதம் என்பது எதன் மேல்? பட்டியல் விலையின் மேல் என்றால் வருடம் 20 லட்சம், நீங்கள் கொடுத்த விலையின் மேல் என்றால் 12 லட்சம். ஐந்து வருடத்தில் வித்தியாசம் 40 லட்சம், கொடுத்த தள்ளுபடி முழுவதும் திரும்பிப் போயிற்று. அதனால் ‘செலுத்திய விலையின் மேல்’ என்று எழுதி, வருடாந்திர உயர்வுக்கும் உச்சவரம்பு வையுங்கள். உரிமத்தை இணைப்பு எண்ணிக்கைப்படி விற்றால் எண்ணிக்கை கூடும்போது என்ன விலை என்பதை இப்போதே முடித்துவிடுங்கள். மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்ததை நினைத்துப் பாருங்கள், அப்படி ஒரு நாள் வந்தால் இணைப்பு எண்ணிக்கை ஒரே வீச்சில் எகிறும், அன்றைக்கு உட்கார்ந்து விலை பேச முடியாது.

சேவைத்தர எண்களில் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. 99.5 சதவீத நேரம் இயங்கும் என்றால் 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நின்றிருக்கலாம். 99 சதவீதம் என்றால் 7.2 மணி நேரம். இந்த 7.2 மணி நேரம் நள்ளிரவுகளில் போனால் யாருக்கும் கவலையில்லை. கடைசித் தேதியன்று காலை பத்து மணிக்குப் போனால் கவுண்டரில் வரிசை ரோடு வரை நிற்கும். ஆகவே மாத சராசரியோடு நிறுத்தாமல், வசூல் நேரத்துக்கும் கடைசித் தேதிகளுக்கும் தனி அளவு, தனி அபராதம் வைக்க வேண்டும். அபராதத் தொகையை யோசித்துப் போடுங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, நீங்கள் எழுதும் தொகை உச்சவரம்பு மட்டும்தான், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எனவே ஒரு மணி நேரம் நின்றால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்ற கணக்கை ஃபைலில் வைத்துவிட்டுத் தொகையை எழுதுங்கள்.

உங்களுக்கென்றே எழுதப்பட்ட பகுதிகளின் சோர்ஸ் கோடு யாருக்கு? காசு கொடுத்தோம், நமக்குத்தான் என்று நினைப்பது சகஜம். பதிப்புரிமைச் சட்டம் 1957 அப்படிச் சொல்லவில்லை. பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனி விதி உண்டு, தனியார் நிறுவனமென்றால் உரிமையை எழுத்தில் மாற்றித் தரவேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்கிறது 19-ஆவது பிரிவு. ‘பதிப்புரிமை முழுக்காலத்துக்கும்’ என்ற சொற்களை மறக்காதீர்கள். அவர்களுடைய பொதுவான புராடக்ட் என்றால் கோடு தரமாட்டார்கள், அது நியாயமும்கூட. அப்போது கம்பெனி மூடப்பட்டாலோ ஆதரவை நிறுத்தினாலோ கோடு கிடைக்கும்படி மூன்றாம் நபரிடம் வைக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பேரமே வேண்டாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், லாகுகளை (கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே கம்பெனி உங்களுக்கு 2 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் விவரத்தை வாங்கிய நம்மைத்தான் கேள்வி கேட்கும், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சண்டை வந்தால் எங்கே என்பதையும் பாருங்கள். கம்பெனி தரும் மாதிரியில் அவர்கள் ஊர்தான் இருக்கும். நடுவர் மன்ற இருக்கை மதுரை என்று மாற்றுங்கள், 2004-லிருந்து உயர் நீதிமன்றக் கிளையே இங்கே இருக்கிறதே.

கையெழுத்தானதும் ஒப்பந்தத்தை பீரோவில் பூட்டிவிடுவதுதான் நம்மிடம் உள்ள பெரிய பழக்கம். அதை மாற்றுங்கள். ஒரே ஒரு எக்செல் போதும்: பேங்க் கேரண்டி முடியும் தேதி, ஏஎம்சி புதுப்பிக்கும் தேதி, அதற்கு எத்தனை நாள் முன்பு நோட்டீஸ், எஸ்எஸ்எல் சான்றிதழ் (இணையதளப் பாதுகாப்புச் சான்று) முடியும் தேதி. அதைப் பார்ப்பதற்கென ஒரு ஆள், அவருக்கு மாறுதல் வந்தால் அடுத்தவர் யார் என்ற பெயர். மாதம் ஒரு கூட்டம், அன்றே மினிட்ஸ் மெயிலில். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று போனில் சொன்னதை, ‘இன்று பேசியபடி இதைக் கட்டணமின்றிச் செய்வதாகச் சொன்னீர்கள்’ என்று அரை மணி நேரத்தில் மெயிலாக அனுப்பிவிடுங்கள். கோ-லைவ் தேதியைச் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வைக்காதீர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஆபீஸில் பாதிப்பேர் தண்ணீர், மின்சாரப் பணியில் வெளியே இருப்பார்கள்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நேரத்துக்குப் பணம் வருகிற இடத்துக்குத்தான் கம்பெனி நல்ல பையன்களை அனுப்புகிறது, ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் போன் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், முதல் பக்கத்தில் எழுதிய அந்த வெளியேறும் விதியை வருடம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏப்ரலில், கணக்கு முடிந்த கையோடு, முழு டேட்டாவையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனிக்காரர்கள் யாரும் இல்லாமல் வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். பத்து சர்வீஸ் நம்பரை எடுத்து, கடைசி ஆறு பில்லையும் நிலுவையையும் கையால் சரிபாருங்கள். முதல் வருடம் எங்களுக்கு அது நான்கு நாள் இழுத்தது, டெபாசிட் டேபிளே வரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேட்டோம், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் காட்டினோம், இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள்.