67 ஆசியா: ஒரு சிறுகோளின் தரவுகளைப் படித்தறியும் முறை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைப் பட்டையில் எந்தச் சிறுகோளை எடுத்துக்கொண்டாலும், அதன் அடிப்படைப் பண்புகளில் பெரும்பகுதியைச் சில எண்களிலிருந்து நாமே கணக்கிட்டுவிடலாம். இங்கே 67 ஆசியாவைக் கொண்டு அதைச் செய்து பார்ப்போம். நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று கண்டறிந்த சிறுகோள் இது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் இப்பெயர் பெற்றது.

வர்க்கமூலமும் அடுக்கும் கணக்கிடக்கூடிய கணிப்பான் ஒன்று வேண்டும். கைபேசியில் உள்ளதே போதும். தரவுகளுக்கு, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் இணையத்தில் இலவசமாக வழங்கும் சிறுகோள், வால்மீன் தரவுத்தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 67 என்று இடுங்கள்.

படி 1: சுற்றுப்பாதை

முதலில் அரைப் பேரச்சை, அதாவது நீள்வட்டப் பாதையின் நீளமான விட்டத்தில் பாதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசியாவுக்கு அது ஏறத்தாழ 2.42 வானியல் அலகு. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு. வியாழனின் ஈர்ப்பால் 2.5 அலகுக்கு அருகே பட்டையில் ஒரு வெற்றிடம் உண்டு. அதற்குள்ளே அமைவதால் ஆசியா உட்பட்டையைச் சேர்ந்தது. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 2.42ஐ மும்மடியாக்கி (2.42 × 2.42 × 2.42) வர்க்கமூலம் எடுத்தால் 3.76 வருகிறது. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு அத்தனை ஆண்டுகள் ஆகின்றன.

அடுத்து, பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் காட்டும் மையத்தொலைத் தகவு சுமார் 0.185. இதை 1இலிருந்து கழித்தும் 1உடன் கூட்டியும் அரைப் பேரச்சால் பெருக்கினால், சூரியனிலிருந்து மிகக் குறைந்த தொலைவு 1.97 அலகு எனவும், மிகக் கூடிய தொலைவு 2.87 அலகு எனவும் கிடைக்கும். பூமியின் பாதைத் தளத்தோடு ஒப்பிட்டால் இதன் பாதையின் சாய்வு 6 பாகை. இதில் கணக்கிட எதுவுமில்லை.

படி 2: அளவு

தொடக்க நிலையினர் தடுமாறும் இடம் இதுதான். தொலைநோக்கியில் ஆசியா வெறும் ஒளிப்புள்ளியாகவே தெரிவதால் அதன் விட்டத்தை நேரடியாக அளக்க இயலாது. சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் ஓர் அலகுத் தொலைவில் வைத்து, முழுமையாக ஒளியூட்டிப் பார்த்தால் எவ்வளவு பொலிவாகத் தெரியும் என்பதைத் தனிப் பொலிவெண் கூறுகிறது. ஆசியாவுக்கு அது 8.28. மங்கலான பொருளுக்கு எண் கூடும். ஐந்து எண் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டைக் குறிக்கும் என்ற அளவுகோலை 1856இல் முன்வைத்தவரும் இதே போக்சன்தான்!

8.28ஐ 5ஆல் வகுத்தால் 1.656. பத்தின் அடுக்காக அதன் எதிர்மத்தை இட்டால் 0.0221. விட்டத்தைக் கிலோமீட்டரில் பெற உதவும் மாறிலியான 1329ஆல் அதைப் பெருக்கினால் ஏறத்தாழ 29.3. இறுதியாக, மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் காட்டும் எதிரொளிதிறனின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஆசியாவின் எதிரொளிதிறன் 0.255, அதன் வர்க்கமூலம் 0.505. ஆகவே விட்டம் சுமார் 58 கிலோமீட்டர்.

இப்போது 0.255க்குப் பதிலாக, கரி போன்ற கருமையுள்ள சிறுகோளுக்குரிய 0.05ஐ இட்டுப் பாருங்கள்: விட்டம் 131 கிலோமீட்டராகிவிடும். பொலிவு ஒன்றே, அளவு இருமடங்குக்கும் மேல்! வெயிலில் சூடேறிய பரப்பு உமிழும் அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்து அளந்தே எதிரொளிதிறனைத் தனியே பிரித்தெடுக்கிறார்கள். எனவே விட்டத்தில் தரப்படும் தசம இலக்கங்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம்.

படி 3: சுழற்சியும் பொருளும்

ஒழுங்கற்ற வடிவமுள்ள கல் சுழலும்போது அதன் பொலிவு கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்து பெற்றதே, ஏறத்தாழ 16 மணி நேரம் என்ற சுழற்சிக் காலம். எதிரொளிக்கும் ஒளியின் நிறப் பகுப்பைக் கொண்டு தரப்படும் நிறமாலை வகை ஆசியாவுக்கு ‘எஸ்’. சிலிகேட் பாறை மிகுந்தது என்று பொருள். ஆசியாவின் உயர்ந்த எதிரொளிதிறனோடு இது பொருந்துகிறது.

படி 4: நீங்களே செய்ய ஒன்று

1866இல் போக்சன் இதே மதராஸ் வானாய்வகத்தில் கண்டறிந்த 87 சில்வியாவின் எண்களை எடுத்து மேற்கண்ட கணக்குகளைச் செய்யுங்கள். அரைப் பேரச்சு 3.48 என்பதால் சுற்றுக்காலம் ஆறரை ஆண்டுகள் வர வேண்டும். அதற்கு ரோமுலஸ், ரீமஸ் என இரு துணைக்கோள்கள் உண்டு. அவை சுற்றிவரும் தொலைவையும் காலத்தையும் கொண்டு அதன் நிறையையே கண்டுவிடலாம். நிறையைக் கன அளவால் வகுத்தால் வரும் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூடுதல்தான். உள்ளே வெற்றிடங்கள் நிறைந்த கற்குவியல் அது என்று வானியலாளர்கள் கருதுவது இதனால்தான்.